ரெட்டைக் கண்ணாடியும் எங்கள் மலைச் சரிவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், போடி மலையடிவாரக் குழு உறுப்பினர்கள் சேர்ந்து தயாரித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



மைக் முன்னால் நிற்பது ஒருத்திதான். ஆனால் இது ஏழு பேர் பேச்சு. எங்கள் குழுவில் 16 பேர். அதில் ஏழு பேர் போன வருசம் ஒரே மாதத்தில் ரெட்டைக் கண்ணாடி போட்டோம். மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று ஒரே சட்டத்தில் ரெண்டு பவர் இருக்கிற கண்ணாடி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாலு கண்ணாடி டிரங்குப் பெட்டிக்குள் போயிருந்தது. ஒன்று உடைந்து போனது, அதைப் போட்டிருந்தவர் கையும் உடைந்தது. மூக்கில் இருந்தது ரெண்டே ரெண்டு. அது ஏன் அப்படி ஆச்சு, பெட்டிக்குள் போனதை எப்படி வெளியே எடுத்தோம் என்று சொல்லச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் கண்ணாடி எதனால் வந்தது என்று சொல்லிவிடுகிறோம். அது கொஞ்சம் கசப்பான கதை. எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிற அக்கா பத்து வருசத்துக்கு மேலாக எழுதுகிறார். ஒரு ரூபாய் தப்பினதில்லை. அப்படிப்பட்டவர் நோட்டில் ஒரு மாதம் 350 ரூபாய்த் தவணை 850 ஆக ஏறிவிட்டது. அடுத்த மாதம் ஒருத்தர் கட்டின சேமிப்பு பக்கத்து வரியில் விழுந்தது. கூட்டிப் பார்த்தால் கையிருப்பில் 500 ரூபாய் இடிக்கிறது. யாரும் நேருக்கு நேர் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால்தான் பேசினோம். அதை இப்போது சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது. காதில் விழாமல் இருக்குமா? அடுத்த கூட்டத்துக்கு நோட்டு, முத்திரை, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்துவிட்டு, "வேற ஆளப் பாத்துக்கங்கத்தா" என்று எழுந்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளைதான் பார்த்திருக்கிறாள். அக்கா நோட்டைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார் என்று. தவணை கட்டியவரின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம். அதில் 350 என்று ஒழுங்காக இருந்தது. 3-ம் 8-ம் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. 500 ரூபாய் எங்கேயும் போகவில்லை, அப்படி ஒரு பணம் இருந்ததே இல்லை.

அன்றைக்குத்தான் ஒவ்வொருத்தராக வாய் திறந்தோம். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற மதினி, கருத்த காயும் வெடித்த காயும் நல்ல காயோடு போய்விடுகிறது என்று தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பல்பு சரியில்லை என்று கிட்டங்கிக்காரரிடம் சண்டை போட்டவரும் அவரே. இன்னொருவர் ஊசியில் நூல் கோர்க்க பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்கிறார். இன்னொருவர் சர்க்கரை மாத்திரையையும் பிரசர் மாத்திரையையும் நிறம் பார்த்துத்தான் பிரிக்கிறார். அட்டையின் நிறத்தைக் கம்பெனி மாற்றினால் என்ன ஆகும்?

இதற்கு நம் பாட்டிமார் வைத்த பேர் வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துப் போய்விடுகிறது, அவ்வளவுதான். இது வியாதி இல்லை. கண்ணுக்குள் இருக்கிற வில்லை, சின்ன வயசில் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானே வளைந்து கொடுக்கிறது. 40 வயசை ஒட்டி அந்த நெகிழ்வு குறைந்து இறுகத் தொடங்குகிறது. படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும். அடுப்புப் புகையாலோ டி.வி. பார்த்தோ வந்ததில்லை. "கண்ணாடி போட்டா அப்புறம் கண்ணு அதுக்கே பழகிப்போயி கெட்டுப்போகும்" என்று எங்களையும் பயமுறுத்தினார்கள். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகுவது இறுகிக்கொண்டேதான் இருக்கும். 60 வயசு வரைக்கும் பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதைக் கண்ணாடியின் மேல் பழி போடக் கூடாது.

நம் பக்கம் கண் பார்க்க வசதியில்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அது 1985-லேயே தேனிக்கு வந்துவிட்டது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களோடு ஒரு லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். 2004 முதல் கிராமங்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்கள் திறந்தார்கள், முதலில் திறந்ததில் தேனிப் பக்கமும் சேர்த்தி. பயிற்சி பெற்ற பிள்ளைகள் அங்கே கண்ணைப் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

கண்ணாடியால் கூலி ஏறுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. அசாமில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற, 40 வயசு தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. பாதிப் பேருக்குக் கிட்டப் பார்க்கிற கண்ணாடியை முதலிலேயே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்தின் எடை, போடாதவர்களைவிட நூற்றுக்கு 20-க்கு மேல் கூடியிருந்தது. வங்காளதேசத்தில் 824 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2024-ல் வெளியானது. எட்டு மாதத்தில் கண்ணாடி போட்டவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. கொழுந்துக்கும் ஏலக்காய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பச்சைக்குள் பச்சையைத் தேடுகிற வேலைதான் ரெண்டும். நம்முடையது இன்னும் கஷ்டம். தூரடியில் தரையோடு கிடக்கிற சரத்தில், நிழலுக்குள் குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

சரி, கண்ணாடி வந்த நாளுக்கு வருவோம்.

கடையில் போட்டுக்காட்டி, அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். படித்தோம். மேலே பார்க்கச் சொன்னார்கள். எதிர்க் கடை போர்டு பளிச்சென்று தெரிந்தது. காசைக் கொடுத்துவிட்டு வாசல்படியில் கால் வைத்ததும் தரை எழும்பி முகத்துக்கு வந்தது! ஒருத்தர் தூணைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தர் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்தவர்தான், வீடு வரும்வரை எடுக்கவே இல்லை. மறுநாள் தம்ளரைப் பிடிக்கப் போனால் கை தள்ளிப் போகிறது. கோட்டின் மேல் பார்வை படும்போது பாத்திரத்தின் விளிம்பு ஒரு குதி குதிக்கிறது. கழுத்து வலி, நெற்றி வலி, ஒருவருக்குக் குமட்டலும் வந்தது. "காசு குடுத்து வினைய வாங்கிட்டோம்" என்று பெட்டியில் வைத்தவர்கள் நாலு பேர். பழகும் என்று ஒரு வார்த்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழகணும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. புதுச் செருப்புக்கே ஒரு வாரம் கொடுக்கிறோம்.

எங்களுக்கு உதவியது கண்ணாடியின் அமைப்பைத் தெரிந்துகொண்டதுதான். 1780-களில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், ரெண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்துப்போய், ரெண்டையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் தட்டும் தெரிய வேண்டும், எதிரில் இருந்து பேசுகிறவர் முகமும் தெரிய வேண்டும், அதுதான் அவர் தேவை. கவனியுங்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் தேவை அது. கோடு தெரியாமல் பவர் மேலிருந்து கீழே படிப்படியாக மாறுகிற கண்ணாடி 1959-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் பெர்னார் மெத்தனாஸ் என்ற பொறியாளர். கடையில் புரோகிரசிவ் என்பது அதைத்தான். அதில் கோட்டுத் தொல்லை இல்லை. ஆனால் ஓரம் இரண்டும் கலங்கலாகத் தெரியும், விலையும் அதிகம். எங்களில் ஒருவர் மகன் வாங்கிக் கொடுத்தார் என்று அதைப் போட்டார். தலையைத் திருப்பினால் சந்தைப்பேட்டையே தண்ணீரில் மிதக்கிறது என்றார். அவருக்குப் பழக மூன்று வாரம் ஆனது. கோடுள்ள கண்ணாடி போட்டவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள்.

பழகின விதம் இதுதான். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே, விடிந்து எழுந்ததும் கண்ணாடியைப் போட்டுவிடுவது. பாதி நாள் போட்டுப் பாதி நாள் கழற்றி வைத்தால் கண் எதையும் கற்றுக்கொள்ளாது. பழைய கண்ணாடி இருந்தால் அதைத் திரும்பத் தொடக்கூடாது. உட்கார்ந்து செய்கிற வேலையில் ஆரம்பித்தோம்: அரிசியில் கல் பொறுக்குவது, பாஸ்புக் படிப்பது. கிட்டத்தில் பார்க்கும்போது தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்த வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து தலையைக் குனிந்தே பார்த்துப் பழகியவர்கள், அதனால் இது லேசில் வராது. பக்கவாட்டில் பார்க்கணும் என்றால் கண்ணை ஓரம் தள்ளாமல் மூக்கை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். எதைப் பார்க்கிறோமோ அதற்கு நேராக மூக்கு இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கோடு மட்டும்தான் தெரியும். நாலாம் நாள் கோடு மறந்துபோனவர்களும் உண்டு.

இப்போது கை உடைந்த கதை. இதற்காகத்தான் முக்கியமாக இங்கே வந்தோம்.

எங்களில் மூன்று பேர் வெள்ளன நாலு, நாலரைக்கு ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். கண்ணாடி போட்ட ஆறாம் நாள், அவர்களில் ஒருவர் காய் மூட்டையோடு சரிவில் இறங்கினார். மழை பெய்த ஈரம், மண்ணில் வெட்டிய படி. வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திக் காலடியைப் பார்த்தார். கண்ணாடியின் அடிப்பாகம் ஒரு முழத்துக்குள் இருப்பதைப் பார்க்கச் செய்தது. நின்றால் நம் கால் இருப்பது நாலரை அடி கீழே. அந்தப் பாகம் வழியாகப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும். படி இருக்கிறது என்று நினைத்த இடத்தில் படி இல்லை. விழுந்தவர் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரத்தில் ரெண்டு மாதக் கூலி போச்சு. தவணையும் நின்றது. "வயசாச்சு, தடுமாறி விழுந்துட்டா" என்று ஊரில் சொன்னார்கள். தடுமாறவில்லை. பார்த்துத்தான் கால் வைத்தார், பார்த்தது தப்பாகத் தெரிந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட கண்ணாடி போடுகிற வயதானவர்கள் 606 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு, வெளியே நடக்கும்போது போட, தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெளியில் அதிகம் நடமாடுகிறவர்கள் விழுவது நூற்றுக்கு 40 வரை குறைந்தது. ஆனால் பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எப்போதாவது வெளியே போனபோது அவர்கள் முன்பைவிட அதிகமாகவே விழுந்தார்கள். ஆகவே எல்லோரும் ரெண்டு கண்ணாடி வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டு வேலை, கடை, கிட்டங்கி என்று இருக்கிறவர்களுக்கு ஒரு ரெட்டைக் கண்ணாடி போதும். சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் வேறு கணக்கு.

எங்கள் மூன்று பேரும் செய்தது இது. தூரப் பார்வை நன்றாக இருந்த ஒருவர், இறங்கும்போது கண்ணாடியையே கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார். தூரத்துக்கும் பவர் உள்ள ரெண்டு பேர், தூரத்துக்கு மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடி செய்து வாங்கினார்கள். அதற்குக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். சில நூறு ரூபாய்தான், நாலு தவணையில் அடைந்துவிட்டது. "கண்ணாடிக்கெல்லாமா கடன்?" என்று ஒருவர் கேட்டார். ரெண்டு மாதக் கூலி எவ்வளவு என்று கணக்கு எழுதுகிற அக்கா நோட்டைப் பிரித்துக் காட்டினார். அப்புறம் பேச்சில்லை, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

வேறு கண்ணாடி இல்லாத இடத்தில், மாடிப்படியோ பஸ் படியோ இறங்க வேண்டியிருந்தால், தாடை நெஞ்சில் படுகிற மாதிரித் தலையை நன்றாகக் குனிந்து, கண்ணாடியின் மேல்பாகம் வழியாகப் படியைப் பாருங்கள். கிட்டத்தில் படிக்கும்போது செய்வதற்கு நேர் எதிர். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். மிளகு எடுக்க ஏணி ஏறுகிறவர்கள் ரெட்டைக் கண்ணாடியோடு ஏறவே வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் கிட்டத்தில் இருக்கிற கொத்துத் தெரியாது, இறங்கும்போது ஏணிப்படியும் தெரியாது.

இன்னொரு விசயத்தைக் காய் பொறுக்குகிற மதினி கண்டுபிடித்தார். அவருக்குக் கண்ணாடி பழகியும் காய் தெளிவில்லை. நோட்டுப் படிக்கத் தெளிவு, முறத்தில் மங்கல். காரணம், அடிப்பாகத்தின் பவரைப் பெரும்பாலும் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அவர் சம்மணம் போட்டுக் குனிந்து பொறுக்கும்போது கண்ணுக்கும் முறத்துக்கும் ஒன்றரை முழம். மறுதடவை போகும்போது வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து முறம் வரை ஒரு நூலை அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப்போனார். "இந்தத் தூரத்துக்குத் தெரியணும் தம்பி" என்று நூலை மேசையில் வைத்தார். பரிசோதித்த தம்பி சிரிக்கவில்லை. அளந்து பார்த்து பவரை மாற்றி எழுதிக் கொடுத்தார். நீங்கள் தையல் மிஷினில் உட்கார்ந்தாலும், பூக் கட்டினாலும், காய் எடுத்தாலும் உங்கள் நூல் வேறு வேறு நீளம். கண் பார்க்கப் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

சட்டமும் பொருந்த வேண்டும். நிமிர்ந்து நேராகப் பார்க்கும்போது கோடு கீழ் இமையின் விளிம்பை ஒட்டி இருக்கணும். கோடு மேலே ஏறி இருந்தால் நடக்கும்போதெல்லாம் குறுக்கே நிற்கும். சட்டம் தளர்ந்து மூக்கில் வழுகினால் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். எங்களில் ஒருவரின் ஒரு மாதக் கழுத்து வலி, காதுப் பக்கம் சட்டத்தை வளைத்துக் கொடுத்ததும் போய்விட்டது. அதற்குக் காசுகூட வாங்கவில்லை. போய்க் கேட்கக் கூச்சப்பட்டதுதான் அந்த ஒரு மாதம்.

விடாமல் போட்டும் ரெண்டு மூன்று வாரத்தில் பழகவில்லை என்றால் பெட்டியில் வைக்காமல் கண்ணாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு செய்த இடத்துக்கே போங்கள். பவர் தப்பாக இருக்கலாம், அளவு தப்பியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அது ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும், அந்த நேரத்தில் எழுதின பவர் நிலைக்காது. கண்புரை முற்றியிருந்தால் எந்தக் கண்ணாடியும் உதவாது, அதற்கு ஆபரேசன்தான். திடீரென்று பார்வை மங்கினாலோ, எதிரில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, ஒன்று ரெண்டாகத் தெரிந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ "கண்ணாடி பழகல" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

துடைப்பது பற்றிக் கடைசியாக ஒன்று. முந்தானையால் துடைக்காதவர் நம்மில் யார்? தூசியோடு தேய்த்தால் கீறல் விழும், மலைப்பனியில் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் மினுங்கும். தண்ணீரில் அலசிவிட்டு மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஜீப் காற்றுக்கும், குனிகிற வேலைக்கும் பின்பக்கம் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் நல்லது. கயிறு கட்டினால் வாத்தியாரம்மா மாதிரி இருக்கிறது என்று கேலி செய்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கணக்கு எழுதுகிற அக்கா இப்போது மறுபடியும் நோட்டு எழுதுகிறார். சாவியைத் திரும்ப வாங்க அவர் ஒத்துக்கொள்ள மூன்று கூட்டம் ஆனது. கை உடைந்த அக்காவும் ஜீப் ஏறுகிறார், சரிவுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று பையில் ரெண்டு கூடு. உங்களில் யார் யார் வீட்டில் கண்ணாடி பெட்டிக்குள் இருக்கிறதோ, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதை எடுத்து வாருங்கள். கூடவே உங்கள் வேலைக்கு அளந்து முடிச்சுப் போட்ட நூலும் இருக்கட்டும். எங்கள் மதினி அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார்.